காலியாக நின்ற கூடம்

நோய் நாள் பார்த்து வருவதில்லை. வெடித்த குடல்வாலும் விபத்தில் நொறுங்கிய எலும்பும் அட்டவணைக்குக் கட்டுப்படா. ஆயினும் மருத்துவமனைகளின் அறுவைக்கூடங்கள் நெடுங்காலம் அட்டவணையை நம்பியே இயங்கின. நாள் குறித்த சிகிச்சைகள் பகலை நிரப்பின. குறியாது வந்தவை இரவுக்குத் தள்ளப்பட்டன.

இவ்வழக்கத்தின் விலையை இங்கிலாந்து 1987இல் உணர்ந்தது. அறுவைச் சிகிச்சையை ஒட்டிய மரணங்கள் பற்றி அவ்வாண்டு வெளிவந்த ஆய்வறிக்கை, பயிற்சி நிலை மருத்துவர்கள் மூத்தோரின் மேற்பார்வையின்றி அறுவை செய்த நிகழ்வுகளை வெளிப்படுத்தியது. பின்னர், அவசர அறுவைக்கெனப் பகலிலேயே ஒரு கூடத்தை ஒதுக்கும் முறை அந்நாட்டில் பரவியது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் 32 கூடங்களும் நிரம்பி வழிந்தன. மருத்துவர்கள் பின்னிரவு இரண்டு மணிக்கும் அறுவை செய்தனர். 2002இல், ஒரு கூடத்தை எதிர்பாராது வரும் நோயாளிகளுக்கென ஒதுக்கும் யோசனை எழுந்தபோது பலர் எதிர்த்தனர். இடமே போதாதபோது ஓரறையைப் பூட்டிவைப்பதா என்பது அவர்களது வாதம். ஆனால் ஒதுக்கியபின் மொத்த அறுவைகள் 5.1 விழுக்காடு பெருகின. பிற்பகல் மூன்று மணிக்குப் பின் நடந்தவை 45 விழுக்காடு குறைந்தன.

இதற்கான விளக்கம் வேறொரு துறையில் முன்னரே கிடைத்திருந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் எர்லாங், முறையின்றி வரும் அழைப்புகளை ஆராய்ந்து 1909இல் கட்டுரை வெளியிட்டார். அவர் வித்திட்ட வரிசைக் கோட்பாட்டின்படி, பணியிடம் நிரம்ப நிரம்பக் காத்திருப்பு பாய்ந்து உயர்கிறது. வருகையும் பணிநேரமும் ஒழுங்கின்றி அமையும் ஓரறை பாதிநேரம் வேலையிலிருப்பின், வருபவர் சராசரியாக ஒரு சிகிச்சைக்குரிய நேரம் காத்திருப்பார்; 90 விழுக்காட்டு நேரம் வேலையிலிருப்பின், ஒன்பது சிகிச்சைகளுக்குரிய நேரம் காத்திருப்பார். மேலும், நிரம்பிய அட்டவணையில் ஒருவர் இடையே நுழைந்தால் பின்னுள்ள அனைவரும் நகர வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டின் தனிக்கூடம் அந்தக் குலைவைத் தடுத்தது. ஏனைய 31 கூடங்களும் குறித்தபடி இயங்கின.

ஏரிக்குக் கலிங்கு அமைத்த முன்னோர், வெள்ளமில்லா நாளில் அது வெறுமனே கிடப்பதைக் குறையாகக் கருதவில்லை. அறுவைக்கூடத்தின் சிக்கனத்தைக் கணக்கிடுவோர், நள்ளிரவில் வலியோடு காத்திருப்பவரின் நேரத்தையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.