கசப்பு மருந்தும் காட்டுக் காய்ச்சலும்



கிள்ளான் நகரம் ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போன ஊர் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1901-ஆம் ஆண்டு ஜனவரியில் டாக்டர் மால்கம் வாட்சன் அங்கே அரசாங்க மருத்துவராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. அந்த ஓர் ஆண்டில் இவ்விரண்டு இடங்களிலும் 582 பேர் மாண்டனர். அவர்களில் 368 பேரைக் கொண்டுபோனது காய்ச்சலே. வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார், புதர்க்காட்டை அழித்தார். மறு ஆண்டு சாவு 144-ஆகக் குறைந்தது.

கொசுவை ஒழித்தது வாய்க்கால். ஆனால் ஏற்கனவே குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வேண்டியது மருந்தல்லவா? அந்நாளில் இருந்த மருந்து கொயினா. நம் முன்னோர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய அந்தக் கசப்பு, ஒரு மரப்பட்டையின் சத்து.

அந்த மரம் சிங்கோனா. தென்னமெரிக்க மலைநாட்டு மரம் அது. 1820-இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் பெல்லெத்தியே, கவான்து இருவரும் அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860-களில் நீலகிரி மலையில் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் இம்மரம் பயிரிடப்பட்டது. பட்டையில் கொயினாவோடு வேறு மூன்று சத்துகளும் இருந்தன. அவை பயன்படுமா என்று யாரும் ஊகித்துச் சொல்லிவிடவில்லை. 1866 முதல் 1868 வரை சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணங்களில் சுமார் 3,600 நோயாளிகளுக்கு இந்நான்கு சத்துகளும் கொடுக்கப்பட்டுக் கணக்கு எடுக்கப்பட்டது. நான்கிலுமே நூற்றுக்கு 98-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல் விட்டது. பட்டை மருந்தானது இப்படித்தான்: கொடுத்து, எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகு.

இனி, குரங்கின் கதைக்கு வருவோம். மலேரியாக் கிருமி மனிதனுக்கு மட்டும் உரியதன்று. 1932-இல் கல்கத்தாவில் நோல்ஸ், தாஸ் குப்தா என்னும் இருவர், குரங்கின் மலேரியாக் கிருமி மனித உடலிலும் வளரும் என்று காட்டினர். ஆனால் அது ஊசிமூலம் செலுத்திப் பார்த்தது. காட்டில் கொசுக்கடியால் இக்கிருமி ஒரு மனிதருக்கு வந்தது முதன்முதலாக 1965-இல் தெரியவந்தது. அவர் நம் பகாங் காட்டுக்குச் சென்றுவந்த ஓர் அமெரிக்கர். அக்காலத்தில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் குரங்கு மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தது. இது எங்கோ அபூர்வமாக வருவது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2004-இல் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர், பல நோயாளிகளைத் தாக்கியிருந்தது இக்கிருமிதான் என்று கண்டறிந்தனர். 2018-இல் மனித மலேரியா நம் நாட்டில் உள்ளூரில் பரவியதாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை; குரங்கு மலேரியாவோ 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது.

இதற்கும் மருந்து ஒரு செடியிலிருந்தே கிடைத்தது. நம் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த சீனத்துச் செடி அது. 1971-இல் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி அதன் சாற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். பலன் ஒரே சீராக இல்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சீன வைத்திய நூலில், அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லியிருந்தது. காய்ச்சும்படி சொல்லவில்லை! சூடு சத்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த சூட்டில் சாறு எடுத்தார். அது எலியின் மலேரியாவையும் குரங்கின் மலேரியாவையும் தீர்த்தது. 1972-இல் தாமும் தம் தோழர் இருவருமாக முதலில் உட்கொண்டு பார்த்தனர். பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தனர். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அம்மருந்து குரங்கு மலேரியாவுக்கும் ஏற்றதா? 2012 முதல் 2014 வரை சபாவில் மூன்று மருத்துவமனைகளில் பார்த்தனர். செடிவழி வந்த மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையை ஒரு பிரிவினருக்கும், பழைய குளோரோகுயின் மாத்திரையை மற்றொரு பிரிவினருக்கும் கொடுத்தனர். ஒரே நாளில் கிருமி நீங்கியவர்கள், முதற் பிரிவில் நூற்றுக்கு 84 பேர். இரண்டாம் பிரிவில் 55 பேர். இந்த ஒரு நாள் மிக முக்கியம். ஏனெனில் குரங்கு மலேரியாக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது.

"நிலவேம்புக் கசாயம் போதாதா, வாத்தியார்?" என்று தோட்டப்புறத்தில் நம்மைக் கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். நம் நாட்டு நிலவேம்பையும், பத்தாவாலி என்னும் சீந்தில் இனக் கொடியையும் எலி மலேரியாவுக்கு எதிராகச் சோதித்த ஆய்வொன்று 1999-இல் வெளிவந்தது. ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் எலி முதற்படி, மனிதர் கடைசிப்படி. நடுவில் உள்ள படிகளை ஏறாத மருந்தை நம்பி நாளைக் கடத்தலாமா? பாட்டியின் அறிவை நாம் பழிக்கவில்லை. சீனத்துப் பாட்டன்மாரின் அறிவுதான் தூ யூயூவுக்கு வழிகாட்டியது. அதைச் சோதித்துப் பார்த்ததால்தான் அது உலகத்துக்கே மருந்தாயிற்று.

ஆகவே, காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கோ காட்டுக்குப் போய்வந்தவருக்கோ காய்ச்சல் கண்டால், அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காட்டுக்குப் போனதையும் மறக்காமல் சொல்லுங்கள்.