வேஷமும் வரலாறும்

அமெரிக்காவில் பழைய ஜனாதிபதிகள், அவர்தம் மனைவியர் போல உடை தரித்து, அவர்களாகவே பேசிச் சரித்திரம் சொல்வோர் பலர் உண்டு. லிங்கன் வேடம் புனைவோருக்கென்றே 1990இல் ஒரு சங்கம் தோன்றியது.

ஜவுளிக்காரனான என் கண்ணுக்கு முதலில் படுவது துணிதான். 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் பதவியேற்றபோது உடுத்தியது இங்கிலாந்துச் சரக்கல்ல. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் நெய்த பழுப்புநிறக் கம்பளித் துணி. நம்ம கதர் மாதிரி, அதுவும் சுதேசிப் பேச்சுதான்.

ஆனால் அவர் மனைவி மார்த்தாவுக்கு ஆடை தைத்து, உடுத்திவிட்ட அடிமைப் பெண் ஓனா ஜட்ஜ், 1796இல் பிலடெல்பியாவிலிருந்து தப்பிப் போனார். ஆள் விட்டுக் கூப்பிட்டும் திரும்பவில்லை. மார்த்தா வேடம் மேடையேறினால் ஓனாவும் பக்கத்தில் நிற்க வேணும். அப்பத்தான் அது வரலாறு.

நம் பிள்ளைகளுக்குத் தலைவர் வேஷம் கட்டும்போதும் இதை நினைப்போம்.