செம்பு நிறச் சிறுவன்

ஹரி பொட்டர் நாவல்கள் 1997இல் வெளிவரத் தொடங்கியபோது, மந்திரப் பள்ளிக்கூடம் என்ற கற்பனையே அன்றுதான் பிறந்ததுபோல் பலரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், பழைய புத்தகக் கடையொன்றில் உர்சுலா லெ குவினின் 'எ விஸர்ட் ஒஃப் எர்த்ஸீ' கைக்குக் கிடைக்கும்வரை. அது 1968இல் வெளிவந்த நாவல்.

இளையோருக்கு ஒரு நாவல் எழுதித் தருமாறு கலிபோர்னியாவின் சிறு பதிப்பகமொன்று அவரைக் கேட்டிருந்தது. கதைகளில் மந்திரவாதிகள் என்றால் மெர்லினைப் போல நரைத்த தாடிக் கிழவர்கள்தாம். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது வித்தையை எங்கே கற்றார்கள்? இந்தக் கேள்வியிலிருந்தே கதை பிறந்ததாக லெ குவின் சொல்லியிருக்கிறார்.

ஈ. நெஸ்பிற் 1902இல் எழுதிய சிறுவர் நாவலில் மந்திரம் வெளியிலிருந்து வருகிறது. மணற்குழியில் கிடந்த விநோதப் பிராணியொன்று பிள்ளைகளின் விருப்பங்களை நிறைவேற்றுகிறது. லெ குவினின் கெட் என்ற சிறுவனுக்கோ ஆற்றல் கூடவே பிறந்தது. தாயில்லாப் பிள்ளை. ஏழு வயதில், சாச்சி ஆடுகளை அழைக்கச் சொன்ன சொற்களைப் பொருள் தெரியாமல் தானும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வந்து நெருக்கிச் சூழ்ந்துகொள்கின்றன. பயந்து ஓடினால் அவையும் கூடவே ஓடுகின்றன. அழைக்கத் தெரிந்தவனுக்கு அனுப்பத் தெரியவில்லை! நாவல் முழுவதன் சிக்கலும் இந்த ஒரு காட்சியிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இன்னொரு செய்தியை நான் இரண்டாம் வாசிப்பில்தான் கவனித்தேன். கெட் செம்பு நிறத்தவன். அவனது நண்பன் கறுப்பன். கிராமத்தைக் கொள்ளையிட வருபவர்களே வெள்ளைத் தோலர்கள். வாசகன் கெட்டோடு ஒன்றிப்போன பிறகே இந்நிறம் தெரியவரவேண்டும் என்று லெ குவின் திட்டமிட்டே எழுதினார். பழங்குடி மக்களை ஆராய்ந்த மானிடவியலாளர் அல்பிரட் குரோபரின் மகள் அவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ரூத் ரொபின்ஸ் வரைந்த முதற்பதிப்பின் அட்டையில் கெட்டின் முகம் செம்பு நிறத்திலேயே இருந்தது. பின்வந்த பதிப்புகள் பலவற்றில் அது வெளுத்துப்போயிற்று. கறுத்த முகம் அட்டையில் இருந்தால் புத்தகம் விற்காதாம்! 2004 டிசெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் கெட்டாக நடித்தவரும் வெள்ளையரே. லெ குவின் பொறுக்கவில்லை. அதே மாதம் எழுதிய கட்டுரையொன்றில் தயாரிப்பாளர்களை வெளிப்படையாகக் கண்டித்தார். தங்களைப் போன்றவர்களை இவ்வகைக் கதையில் முதன்முதலாகக் கண்டதாக நிறத்தவரான வாசகர்கள் தமக்கு எழுதியதையும் அதிலே நினைவுகூர்ந்தார். அந்த வாசகர்களின் மனநிலையை என்னால் நன்றாக உணர முடிகிறது.

2018 ஜனவரியில் அவர் காலமானார். அவரோடு கலந்து பேசிச் சார்ள்ஸ் வெஸ் வரைந்த ஓவியங்களுடன் முழுத்தொகுப்பு அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்தது. அதில் கெட் மீண்டும் செம்பு நிறம். என்னிடமுள்ள பழைய பிரதியின் அட்டையில் மட்டும் இன்னும் அந்த வெள்ளை முகம்தான்.