அரங்கிலிருந்து வீடு வந்த பொம்மைகள்

கூத்து முடிந்ததும் கலையும் அவையைச் செல்வத்தின் நிலையாமைக்கு உவமையாக்கினார் வள்ளுவர். கலைந்து செல்வோர் கையில் ஒன்றேனும் எஞ்சவேண்டும் என்னும் விழைவே நினைவுப் பொருள்களைத் தோற்றுவித்தது எனலாம்.

கதைமாந்தர் பொம்மையாகும் வழக்கம் பழையது. தாம் படைத்த முயலைப் பொம்மையாக்கி, 1903ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமை பதிவு செய்தார் ஆங்கில எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர். இசை நாடக உலகிலோ, 1981ஆம் ஆண்டு இலண்டனில் அரங்கேறிய ‘கேட்ஸ்’ புதுவழி காட்டியது. கருநிறப் பின்னணியில் ஒளிரும் அதன் இரு மஞ்சள் கண்கள் சட்டைகளிலும் குவளைகளிலும் இடம்பெற்று உலகெங்கும் பரவின. 1997ஆம் ஆண்டு நியூயார்க்கில் அரங்கேறிய ‘லயன் கிங்’கில், மனிதரும் விலங்கும் ஒருங்கே தோன்றுமாறு முகமூடிகளையும் பாவைகளையும் அமைத்தார் ஜூலி டெய்மோர். அந்நாடகத்தின் சிங்கக் குட்டியும், 2003ஆம் ஆண்டில் வந்த ‘விக்கெட்’டின் பறக்கும் குரங்கும் பஞ்சடைத்த பொம்மைகளாய் இரசிகர் இல்லம் புகுந்தன.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நோய்த்தொற்றால் நியூயார்க் அரங்குகள் மூடப்பட்டு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இருண்டு கிடந்தன. அந்நாளில் அலமாரியிலிருந்த பொம்மையே ஆடலுக்குச் சான்றாய் நின்றது.

ஆயினும், பொம்மை தானே பேசாது. கண்ட நாளையும் அரங்கையும் குறித்து, நுழைவுச் சீட்டையும் உடன் காப்பவரே சேகரிப்பாளர். ஏனையோர் வாங்குவோர் மட்டுமே. குறிப்பின்றேல் வரலாறும் விளையாட்டுப் பொருளாகிவிடும்.