ஒதுக்கீடும் தேர்வும்: வயதுவந்தோர் முதுகெலும்புப் பக்கவளைவு ஆய்வு ஒன்றின் மறுவாசிப்பு

வயதுவந்தோரின் இடுப்புப்பகுதிப் பக்கவளைவுக்கு அறுவை சிகிச்சை மேலானது என்பதற்குச் சான்றில்லை என்போர், 2019-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வைத்தான் முதலில் எடுத்துக்காட்டுகின்றனர். ஒன்பது மையங்களில், 40 முதல் 80 வயதுள்ள, கோப் கோணம் 30 பாகைக்குக் குறையாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. சேர்ந்த 286 பேரில் குலுக்கல் முறை ஒதுக்கீட்டுக்கு இசைந்தவர்கள் 63 பேர்தான். மற்ற 223 பேரும் தம் சிகிச்சையைத் தாமே தேர்ந்தெடுத்தனர். ஒதுக்கீட்டின்படி பகுத்தபோது, இரண்டாண்டு முடிவில் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. இதை ‘இரண்டும் சமம்’ என்று வாசிப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அறுவையில்லாப் பிரிவில் விழுந்த 33 பேரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அந்த இரண்டாண்டுக்குள் அறுவைக்கு மாறிவிட்டனர். பெற்ற சிகிச்சையின்படி பகுத்தால், அறுவை பெற்றோருக்கு ஆஸ்வெஸ்ட்ரி இயலாமைக் குறியீட்டில் ஏறத்தாழ 16 புள்ளி கூடுதல் நன்மை கிடைத்திருக்கிறது. இந்த 16 புள்ளியும் மெய்யான விளைவே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மறுபிரிவில் அனைவரும் அறுவை பெற்றிருந்தாலும், ஒதுக்கீட்டுவழி ஒப்பீட்டில் எஞ்சுவது அதில் மூன்றிலொரு பங்கைச் சற்றே தாண்டும்: சுமார் 6 புள்ளி. நூறு புள்ளி அளவுகோலில், ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் மதிப்பெண்களைக் கொண்ட 63 பேரிடம் இவ்வளவு சிறிய இடைவெளி தெளிவாகத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. அறுவை நன்றாகவே பயன் தந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே முடிவுதான் வந்திருக்கும். பயன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடையைத் தரும் ஒப்பீட்டை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக நிறுத்த முடியாது.

அதற்காக 16 புள்ளியை அப்படியே ஏற்கவும் நான் தயாரில்லை. மாறியவர்கள் மாறாதவர்களைப் போன்றவர்கள் அல்லர். வலியின் கடுமையும் எதிர்பார்ப்பும் அவர்களை நகர்த்தியிருக்கும். மதிப்பெண் நோயாளியின் சொல்லிலிருந்து வருவது. தனக்கு அறுவை நடந்தது அவருக்குத் தெரியும். அறுவையில்லாச் சிகிச்சைக்கு ஒரே நெறிமுறை இல்லாததும் உண்மையான குறை. இவையெல்லாம் வேறுபாட்டைச் சுருக்கக்கூடும். முழுதும் கரைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிறப்பு மையங்களின் முடிவு பிற இடங்களுக்குப் பொருந்தாது என்ற ஆட்சேபம் இங்கே பொருளற்றது: ‘சமம்’ என்ற வாசிப்பும் அதே மையங்களிலிருந்துதான் வருகிறது.

கம்பி முறிவும், எலும்பு இணையாமையும், மறு அறுவையும் தனியே எடைபோட வேண்டியவை. ஆனால் அந்த எடையை யாருக்காகப் போடுகிறோம் என்பதில்தான் இந்த ஆய்வு உண்மையில் உதவுகிறது. அறுவையின்றித் தொடர்ந்தவர்கள் இரண்டாண்டில் சராசரியாகப் பெரிதும் முன்னேறவில்லை, பெரிதும் சரியவுமில்லை. இன்றைய நிலையோடு வாழ முடிகிறவருக்கு இது நிம்மதியான செய்தி. அரைமணி நேரம் நிற்க முடியாமல் தவிப்பவருக்கு அப்படியல்ல. ஆகவே வளைவின் பாகையைவிட, இன்றிருக்கும் நிலை போதுமா என்ற கேள்விக்கு நோயாளி தரும் விடையே தீர்மானத்தில் முன்னிற்க வேண்டும். பிரிவு மாறியவர்கள் அந்த விடையைத்தான் தந்தார்கள். அடுத்த ஆய்வு ஒவ்வொரு மாற்றத்தின் நாளையும் காரணத்தையும் முதன்மைத் தரவாகவே பதிவு செய்ய வேண்டும்.