ஃபோம் பலகையில் கிந்தா இரயில் பாதை

மாதிரி இரயில் பாதை செய்யலாம் என்றதும் மாணவர்கள் முதலில் தேடுவது இஞ்சினைத்தான். லகாட் வட்டாரத்தைச் செய்வதென்றால் இஞ்சின் கடைசியில் வரட்டும். முதலில் வெட்ட வேண்டியது குழி.

காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் தண்டவாளம் வந்ததே மண்ணுக்கடியில் கிடந்த ஈயத்துக்காகத்தான். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் (இன்றைய கோலா செப்பேத்தாங்) வரை சுமார் 13 கிலோமீட்டர் நீளத்தில் 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டதே மலாயாவின் முதல் இரயில் பாதை. அடுத்து 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளானுடன் இணைக்கும் பாதை, 1891இல் சிரம்பான் – போர்ட்டிக்சன், 1893இல் தெலுக் அன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) – தாப்பா ரோடு. வரைபடத்தில் இவற்றைக் கோடு போட்டுப் பாருங்கள். நான்குமே ஈய நிலத்தைக் கடற்கரையோடும் துறைமுகத்தோடும் கட்டிப்போடும் துண்டுக் கோடுகள். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பாதை, பிறையிலிருந்து சிரம்பான் வரை, 1903இல்தான் முழுமையானது. "மக்கள் பயண வசதிக்காக ஆங்கிலேயர் இரயில் பாதை அமைத்தனர்" என்று வரலாற்றுத் தாளில் முதல் காரணமாக எழுதும் பிள்ளைகளுக்கு இந்த நான்கு கோடுகளே பதில்.

கிந்தாவில் அதற்கு முன் ஈயம் படகில் போனது. கிந்தா ஆற்றில் இறங்கி, பேராக் ஆற்றைப் பிடித்து, தெலுக் அன்சன் துறையை அடைய வேண்டும். காட்டு வழிக்கு யானை. 1895வாக்கில் ஈப்போவுக்கே இரயில் வந்தபிறகு படகுக்காரர் பிழைப்பு போயிற்று. ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் இடையில் லகாட் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. சுவாரசியமான ஒன்று: ஜெர்மனியில் மார்க்ளின் நிறுவனம் பிள்ளைகளுக்கான பொம்மை இரயிலைத் தண்டவாளத்தோடு லைப்சிக் சந்தையில் காட்டியது 1891இல். அங்கே விளையாட்டுத் தண்டவாளம் விற்பனைக்கு வந்த அதே காலத்தில்தான் இங்கே நிஜத் தண்டவாளத்தைத் தோளில் சுமந்தார்கள்.

சரி, பலகைக்கு வருவோம். ஒட்டுப்பலகையில் செய்தால் மேலேதான் கட்ட முடியும். ஃபோமில் கீழேயும் தோண்டலாம். ஆறும் லம்பக் குட்டையும் நிறைந்த கிந்தாவுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. டிவி பெட்டியில் வரும் வெள்ளை ஃபோம் மணிமணியாக உதிரும். இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் வரும் அடர்த்தியான பலகையே நல்லது. 5 சென்டிமீட்டர் கனம் இருந்தால் 2 சென்டிமீட்டர் ஆழக் குட்டை வெட்டலாம். சுண்ணாம்புக்கல் மலைக்குக் கத்தி வேண்டாம். கையால் உடைத்தாலே போதும், உடைந்த முகம் அப்படியே ஈப்போ மலை மாதிரி இருக்கும். சூப்பர் குளூவும் ஸ்ப்ரே பெயிண்டும் ஃபோமைத் தின்றுவிடும். வெள்ளைப் பசையும் தண்ணீரில் கரைக்கும் சாயமும்தான் சரி. சூட்டுக் கம்பியால் வெட்டினால் ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும், அந்தப் புகை நல்லதல்ல. சல்லிக்கல்லுக்குச் சலித்த மணல். தண்ணீர் கலந்த பசையில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு மணல்மேல் சொட்டுங்கள், உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

அளவு விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். நம் நாட்டுத் தண்டவாளங்களின் இடைவெளி சரியாக ஒரு மீட்டர். 1:100 அளவில் செய்தால் அது ஒரு சென்டிமீட்டர். 120க்கு 60 சென்டிமீட்டர் பலகை என்றால் 120 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள நிலம். கடையில் வாங்கிய இரயில் ஓட வேண்டுமென்றால் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் 1:87 வகையைத் தேட வேண்டும். அது விலை கூடுதல். வகுப்புக்கு ஓடாத இரயிலே போதும். மலையை மட்டும் அளவுப்படி செய்ய முடியாது. 200 மீட்டர் மலை 2 மீட்டர் உயரம் வந்து நிற்கும்! அதைச் சுருக்கியதாகக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

இதே அளவில் மனிதர் 1.6 சென்டிமீட்டர். பெரும்பாலான மாதிரிகளில் நிலையமும் பெட்டிகளும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். தைப்பிங் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படையைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் நிலைய அதிகாரி, கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறைய. தண்டவாளத்தைப் பராமரித்த கூட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி பேசியவர்கள்தாம். ஆனால் ஒருவர் மேடையில் நிற்பார், மற்றவர் சல்லிக்கல்மேல் நிற்பார். பலகையிலும் அப்படியே நிறுத்துங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை என்றால் சுமார் 3க்கு 3.6 சென்டிமீட்டர். அதற்குள் ஒரு குடும்பத்து 1.6 சென்டிமீட்டர் மனிதர்களை வைக்கச் சொல்லுங்கள், நாம் விளக்கவே வேண்டியதில்லை.

ஈப்போவிலிருந்து துரோனோ ஈய நகருக்குப் போன கிளைப்பாதை இன்று இல்லை. அதைத் தண்டவாளம் இல்லாத சல்லித் தடமாக மட்டும் காட்டலாம். தண்டவாளம் காணாமல் போவதென்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் கிழக்குக் கரைப் பாதையின் பெரும் பகுதியைப் பெயர்த்து எடுத்தார்கள்; 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா பாதைக்கு மலாயாவின் தண்டவாளங்கள் போயின. பின்னாலேயே ஆட்களும் போனார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1942 – 43இல் அங்கே மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல் என்று கணக்கு இருக்கிறது. அதைவிடப் பன்மடங்காக மடிந்த ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை இலக்கிய வகுப்பில் தொடுகிறவர்கள் இந்த வெற்றுத் தடத்தைக் காட்டி ஆரம்பிக்கலாம்.

கடைசியாக இஞ்சின். வேலை தொடங்குமுன் எந்த ஆண்டின் லகாட் என்று முடிவு செய்து பலகையின் மூலையில் எழுதிவிடுங்கள். 1930 என்றால் நீராவி, ஒற்றைப் பாதை. மின்சார இரயில் சேவை ஈப்போவுக்கு வந்தது 2010இல். அப்போது இரட்டைப் பாதையும் மேலே மின்கம்பியும் வேண்டும், பக்கத்துக் குட்டையில் ஈயம் எடுக்க யாரும் இருக்கக்கூடாது.