தொடரியல்

தொடரியல் என்பது சொற்கள் இணைந்து தொடராகவும் வாக்கியமாகவும் அமையும் முறையை ஆராயும் மொழியியல் பிரிவு. அவ்வாறு அமைந்த தொடர் தரும் பொருளை ஆராய்வது பொருண்மையியல். இன்று இவை தனித்தனித் துறைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு தொடரின் வடிவம் அதன் பொருளை எந்த அளவுக்குக் காட்டிக்கொடுக்கிறது என்ற கேள்விதான் இரண்டையும் வளர்த்தது. பழைய இந்திய இலக்கணிகளும் கிரேக்கரும் 20ஆம் நூற்றாண்டு மொழியியலாளரும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் கண்டனர்.

அடிப்படைக் கருத்துகள்

தமிழ் வாக்கியத்தின் இயல்பான வரிசை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பது. “குழந்தை பாலைக் குடித்தது” என்பதை “பாலைக் குழந்தை குடித்தது” என்று மாற்றினாலும் குடித்தது யார் என்பதில் ஐயம் வராது. வேற்றுமை உருபு உறவைக் காட்டிவிடுகிறது. “வந்தேன்” என்ற ஒரே சொல்லும் வாக்கியம் ஆகும். வினைமுற்றின் விகுதியே எழுவாயை உணர்த்துவதால், வெளிப்படாத அதனைத் தோன்றா எழுவாய் என்பர்.

தொடர் என்பது வெறும் சொல்வரிசை அன்று. “பழைய வீட்டின் கதவு” என்பதில் பழையது வீடா, கதவா? “பழைய வீடு” என்று முதலில் சேர்த்தால் ஒரு பொருள். “வீட்டின் கதவு” என்று முதலில் சேர்த்தால் இன்னொரு பொருள். சொற்களும் வரிசையும் மாறவில்லை, சேர்க்கை மட்டும் மாறுகிறது. இந்த உட்சேர்க்கையே தொடரமைப்பு எனப்படுகிறது.

வடமொழி மரபு

கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பாணினி, ஏறத்தாழ 4000 சூத்திரங்கள் கொண்ட அஷ்டாத்யாயியில் உருபையும் உறவையும் பிரித்துப் பார்த்தார். ஒரு வினையோடு பெயர்கள் கொள்ளும் உறவைக் காரகம் என்றார். செய்பவன், செயப்படுவது, கருவி, கொள்வோன், நீங்குமிடம், நிகழுமிடம் எனக் காரகம் ஆறு. பாணினிக்குப் பின்வந்த காத்தியாயனர், முற்றுவினை ஒன்றைக் கொண்டதே வாக்கியம் என வடிவம் சார்ந்த வரையறை தந்தார்.

வேத விதிகளுக்குப் பொருள் காண முயன்ற மீமாம்சகர் வேறு வழியில் சென்றனர். ஒரே நோக்கத்தை உணர்த்துவதும், பிரித்தால் பகுதிகள் ஒன்றையொன்று நாடி நிற்பதும் வாக்கியத்தின் அடையாளம் என்றார் ஜைமினி. பின்னர் அவாய்நிலை (ஒரு சொல் இன்னொன்றை வேண்டி நிற்றல்), தகுதி (பொருள் பொருந்துதல்), அண்மை (அடுத்தடுத்து வருதல்) என்ற மூன்று நிபந்தனைகள் வரையறுக்கப்பட்டன. “தீயால் நனைத்தான்” என்ற தொடரில் உருபும் வினையும் இலக்கணப்படி பொருந்துகின்றன. ஆனால் தீக்கு நனைக்கும் தன்மை இல்லாததால் தகுதி இல்லை.

சொற்கள் தனித்தனியே பொருள் உணர்த்திய பிறகே அவை இணைகின்றன என்றார் மீமாம்சகரான குமாரிலர். இணைந்த நிலையில்தான் சொல்லுக்குப் பொருளே உண்டு என்றார் அதே மரபின் பிரபாகரர். இவர்களுக்கு முன்பே வாக்கியபதீயம் இயற்றிய பர்த்ருஹரி, வாக்கியம் பகுக்க முடியாத ஒரே பொருள் அலகு என்றும், சொற்களாகப் பிரிப்பது இலக்கணி செய்யும் வசதி என்றும் கருதினார்.

தமிழ் மரபு

தொல்காப்பியத்தில் தொடருக்கெனத் தனி அதிகாரம் இல்லை. தொடர் பற்றிய செய்திகள் சொல்லதிகாரத்தின் 9 இயல்களிலும் பரந்து கிடக்கின்றன. முதல் இயலான கிளவியாக்கம், திணையும் பாலும் இடமும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே ஒத்துவர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. பிழைபட்டும் ஏற்கத்தக்கவை வழுவமைதி எனப்பட்டன. தன் பசுவைக் கண்டு மகிழ்ந்து “என் அம்மை வந்தாள்” என்பவனின் சொல்லில் திணை மயங்குகிறது. ஆனால் உவகை அதற்குக் காரணம் என்பதால் இலக்கணிகள் அதனை ஏற்றனர்.

வேற்றுமையியல் பெயர் கொள்ளும் பயனிலையை ஆறு வகையாகப் பகுக்கிறது. வேற்றுமை மயங்கியலோ வினை, செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, கொள்வோன், பயன் என 8 தொழில்முதனிலைகளைக் கூறுகிறது. ஒரே உருபு இரண்டு உறவுகளுக்கு வருவதும் இம்மரபு அறிந்ததே. “தச்சனால் செய்யப்பட்ட தேர்”, “மரத்தால் செய்யப்பட்ட தேர்” இரண்டிலும் “ஆல்” உருபுதான். ஆனால் தச்சன் வினைமுதல், மரம் கருவி.

உரையாசிரியர்கள் விரும்பி ஆராய்ந்த தொடர் “புலி கொன்ற யானை”. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இப்படித் தடுமாறும் இடத்தில் இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் உரியவை என்கிறது தொல்காப்பியம். தொடர்ந்து வரும் சொல்லே தெளிவு தரும். யானை ஓடுகிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது. யானையின் தந்தம் வந்தது என்றால் செத்தது யானை.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், உருபு முதலியன மறைந்து நிற்பதைத் தொகைநிலைத் தொடர் என்றும், மறையாது வருவதைத் தொகாநிலைத் தொடர் என்றும் வகுத்தது. தொகாநிலை ஒன்பது வகை. செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் காணும் பொருள்கோளைத் தொல்காப்பியம் நான்காகக் கூற, நன்னூல் எட்டாக விரித்தது. காரகக் கொள்கை 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியத்திலும் 17ஆம் நூற்றாண்டின் பிரயோக விவேகத்திலும் தமிழுக்கு ஏற்றி உரைக்கப்பட்டது.

ஐரோப்பிய மரபு

பெயரும் வினையும் சேர்ந்தால்தான் கூற்று உண்டாகும் என்பது பிளேட்டோவின் கருத்து. மெய் பொய் என்று தீர்க்கக்கூடிய கூற்றையே தருக்கத்துக்கு உரியதாக எடுத்துக்கொண்டார் அரிஸ்டாட்டில். வேண்டுதல் போன்றவற்றை அவர் ஒதுக்கிவிட்டார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அப்பல்லோனியஸ் டிஸ்கோலஸ் தொடரியலுக்கென்றே நூல் எழுதினார். அவரைப் பின்பற்றிய பிரிசியன், 18 நூல்களாக அமைந்த இலத்தீன் இலக்கணத்தின் இறுதி இரண்டையும் தொடருக்கு ஒதுக்கினார். 1660இல் வெளியான போர்ட் ராயல் இலக்கணம், கண்ணுக்குத் தெரியாத கடவுள் கண்ணுக்குத் தெரியும் உலகைப் படைத்தார் என்ற ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் அடங்கியிருப்பதாகக் காட்டியது. வெளியே ஒன்று, உள்ளே மூன்று என்னும் இப்பார்வை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது.

20ஆம் நூற்றாண்டு

இந்நூற்றாண்டுக்கு முன்னோடியாக, ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபிரெகே 1879இல் எழுவாய், பயனிலை என்ற பழைய பகுப்பை விட்டு, வாக்கியத்தைக் கணிதச் சார்பு போல நிரப்பவேண்டிய இடங்கள் கொண்டதாகக் கண்டார். அமெரிக்காவின் புளூம்ஃபீல்ட் 1933இல் வெளியிட்ட நூலுக்குப் பின், தொடரை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே செல்லும் உறுப்புப் பகுப்பு பரவியது. பொருளை அறிவியல் முறையில் அளப்பது அரிது என்று அவர் கருதியதால், வடிவமே ஆய்வின் மையம் ஆயிற்று.

1957இல் நோம் சோம்ஸ்கி, பொருளற்ற தொடரும் இலக்கணப்படி செம்மையாக இருக்கலாம் என்பதைக் காட்டி, இலக்கணத்தைப் பொருளிலிருந்து பிரித்தார். அவர் சொன்னது, “தீயால் நனைத்தான்” என்பதில் தகுதி இன்மையைக் கண்டவர்கள் அறிந்திருந்த வேறுபாடே. 1965இல் அவர் முன்வைத்த புதைநிலை அமைப்பு, “புலி கொன்ற யானை” போன்ற தொடருக்கு விளக்கம் தந்தது: மேலே ஒரே வடிவம், அடியில் இரண்டு அமைப்புகள்.

“கண்ணன் சாவியால் கதவைத் திறந்தான்”, “சாவி கதவைத் திறந்தது” என்ற இரண்டிலும் சாவி கருவியே. இரண்டாவதில் அது எழுவாயாக நிற்கிறது. எழுவாயாக நிற்பதும் செய்பவனாக இருப்பதும் வேறு வேறு என்ற இக்கருத்தை 1968இல் சார்லஸ் ஃபில்மோர் தம் வேற்றுமை இலக்கணத்தில் விரித்தார். பாணினியின் காரகத்துக்கு மிக அருகில் நிற்கும் கொள்கை இது. 1970ஐ ஒட்டி ரிச்சர்ட் மாண்டேகு, தொடரமைப்பு விதி ஒவ்வொன்றுக்கும் இணையான பொருண்மை விதி உண்டு என்று தருக்க முறையில் நிறுவ முயன்றார். அரிஸ்டாட்டில் ஒதுக்கிய வேண்டுதலும் வாக்குறுதியும், ஜே.எல். ஆஸ்டினின் பேச்சுச் செயல் கோட்பாட்டின் வழியே ஆய்வுக்குள் வந்தன. அவருடைய நூல் 1962இல் வெளியாயிற்று.

தமிழ் எழுப்பும் கேள்வி

“எனக்குப் பசிக்கிறது” என்பதில் எழுவாய் எது? உருபை நோக்கினால் “எனக்கு” நான்காம் வேற்றுமை. வினையின் விகுதியோ அஃறிணை ஒருமை. எழுவாய் வடிவில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் “அவனுக்குத் தன் ஊரைப் பிடிக்கும்” என்பதில் “தன்” என்ற சொல் “அவனை”யே சுட்டுகிறது. பொதுவாக எழுவாயைச் சுட்டும் சொல் அது. ஆகவே நான்காம் வேற்றுமைப் பெயரும் எழுவாய் ஆகலாம் என்று ஒரு சாராரும், உருபு இருக்கும்வரை ஆகாது என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். தெற்காசிய மொழிகள் பலவற்றில் இவ்வமைப்பு இருப்பதால், எழுவாய் என்ற கருத்தையே மறுவரையறை செய்ய இத்தகைய தொடர்கள் மொழியியலாளரைத் தூண்டின. வடிவம் மட்டும் கொண்டோ பொருள் மட்டும் கொண்டோ எழுவாயை வரையறுக்க முடியாது என்பதற்கு, பசித்தவர் எவரும் சொல்லும் இந்த இரண்டு சொற்களே சான்று.